பலூன் திறந்த குழாய் ஏன் மறுபடி அடைக்குது? கதிர்வீச்சு வைத்தியத்தின் கதை

[திரையில்: கேத் லேப் (இதயக் குழாய் சிகிச்சை அறை) மானிட்டர். கறுப்பு வெள்ளையில் துடிக்கும் இதயம். ஒரு ரத்தக்குழாய் நடுவில் நூலாக இளைத்திருக்கிறது.]

1977 செப்டம்பர் 16. சூரிச் நகரம். ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்னு ஒரு டாக்டர், நோயாளி முழிச்சிருக்கும்போதே அவரோட இதய ரத்தக்குழாய்க்குள்ள குட்டி பலூனை அனுப்பி, ஊதி, அடைப்பைத் திறந்தார். நெஞ்சைப் பிளக்க வேண்டிய வேலை இல்லாமப் போச்சு.

ஆனா ஆறு மாசத்துக்குள்ள, ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தருக்கு அதே இடம் மறுபடி சுருங்க ஆரம்பிச்சுது.

"திரும்ப கொழுப்பு சேர்ந்திருக்கும், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டிருப்பார்"னு வீட்ல திட்டு விழும். பாவம், இதுல அவர் மேல தப்பே இல்லை. பலூன் ஊதும்போது குழாயோட உள்சுவர் கிழியுது. உடம்பு அதைக் காயமாத்தான் பார்க்கும். சுவருக்குள்ள இருக்கிற தசைச் செல்கள் பெருகி, உள்பக்கமா நகர்ந்து, காயத்தை மூடிடும். அதாவது குழாய் அளவுக்கு மீறி ஆறிடுது.

[அனிமேஷன்: ஸ்டென்ட் கம்பிகளுக்கு இடையே செல்கள் வளர்கின்றன.]

குழாயைத் திறந்தே வெச்சிருக்கிற கம்பி வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், வந்ததும் குழாய் வெளியிலிருந்து சுருங்குறது நின்னுச்சு. ஆனா இந்தச் செல்கள் கம்பி வலையைத் தாண்டி உள்ள வளர்றது நிக்கலை. ஸ்டென்டுக்குள்ள அடைச்சவங்களுக்கு வெறும் பலூன் போட்டா, நிறைய பேருக்குத் திரும்பவும் அடைச்சுது.

தோல்ல தழும்பு தடிச்சு வளர்ற கீலாய்டுக்கு டாக்டர்கள் ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்துட்டிருந்தாங்க. வேகமாப் பெருகுற செல்லை அது நிறுத்தும். அதையே ரத்தக்குழாய்க்கு உள்ள கொண்டுபோனா என்ன?

கலிபோர்னியாவுல ஸ்கிரிப்ஸ் கிளினிக்கில பால் டெயர்ஸ்டைன் குழு 55 பேர்கிட்ட இதைச் சோதிச்சுது. எல்லாரும் ஏற்கெனவே ஒரு தடவை அடைச்சவங்க. பாதிப் பேர் குழாய்க்குள்ள இரிடியம்-192 இழை. மீதிப் பேருக்குக் கதிர் இல்லாத வெறும் இழை. ஆறு மாசம் கழிச்சு ஆஞ்சியோ எடுத்தப்போ, வெறும் இழை வெச்சவங்கள்ல 54 சதவீதம் பேருக்குத் திரும்ப அடைப்பு. இரிடியம் வெச்சவங்கள்ல 17 சதவீதம்தான். 1997-ல முடிவு வெளிவந்தது. சின்ன ஆய்வுதான், ஆனா வித்தியாசம் கண்ணை மூடிக்கிட்டாலும் தெரியுற அளவுக்கு இருந்துச்சு.

[திரையில்: கேத் லேப் மேசை. கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர்கள்.]

இரிடியம் காமா கதிர் விடும். இழை குழாய்க்குள்ள இருக்கிற இருபது நிமிஷமோ, அதுக்கும் மேலயோ, டாக்டரும் நர்சும் அறையை விட்டு வெளிய நிக்கணும். நோயாளி மட்டும் உள்ள, நெஞ்சுல இழையோட. இதய டாக்டர்கள் யாருக்குமே இது பிடிக்கலை.

அதனால பீட்டா கதிர் வந்தது. ஸ்ட்ரான்சியம்-90 அடைச்ச, விதை மாதிரி குட்டி உருளைகள், ஒவ்வொண்ணும் 2.5 மில்லிமீட்டர், 12 விதை வரிசையா நின்னா 30 மில்லிமீட்டர். கதீட்டர்ங்கிற மெல்லிய குழலுக்குள்ள தண்ணியோட அழுத்தத்துல அந்த ரயில் ஓடிப்போய், அடைப்பு இருந்த இடத்துல நிக்கும். மூணு, நாலு நிமிஷம். அதே தண்ணி பின்னால தள்ளிப் பெட்டிக்குக் கொண்டுவந்துடும். பீட்டா சதைக்குள்ள சில மில்லிமீட்டர்தான் போகும்கிறதால யாரும் ஓடவேண்டாம். குழாயோட அகலத்தைப் பார்த்து, விதையிலிருந்து 2 மில்லிமீட்டர் தூரத்துக்கு 18.4 அல்லது 23 கிரே (கதிர் அளவோட அலகு). கணக்குப் போட கதிர்வீச்சு டாக்டரும் இயற்பியல் நிபுணரும் பக்கத்துலயே இருப்பாங்க.

2000 நவம்பர்ல அமெரிக்கா காமா, பீட்டா ரெண்டு கருவிக்கும் அனுமதி கொடுத்துச்சு.

அப்புறம்தான் சங்கடங்கள் தெரிஞ்சுது. கதிர் சரியாப் படாத ரெண்டு ஓரத்திலயும் குழாய் சுருங்கும். ஆஞ்சியோவுல பார்த்தா ரெண்டு பக்கமும் முறுக்கின மிட்டாய்த் தாள் மாதிரி. அதைவிடப் பயமானது ரத்தக்கட்டி. கதிர், பெருகுற தசைச் செல்லை மட்டும் தேடிப்பிடிச்சு நிறுத்தாது. குழாய்க்குள்ள வழவழன்னு மூடுற மேல்படலம் வளர்றதையும் தடுத்துடும். மூடாத சுவர்ல மாசங்கள் கழிச்சுக்கூட ரத்தம் உறையும். திடீர்னு மாரடைப்பு. அதனால ஆஸ்பிரினோட, ரத்தம் உறையாமத் தடுக்கிற குளோபிடோக்ரெல் மாத்திரையை ஒரு வருஷமோ அதுக்கும் மேலயோ நீட்டினாங்க.

2003 ஏப்ரல்ல அமெரிக்காவுல சிரோலிமஸ் மருந்து பூசின ஸ்டென்ட் வந்துச்சு. அதுவும் அதே செல்களைத்தான் அடக்குது. ஆனா கொஞ்சம் கொஞ்சமா, கதிர்வீச்சு டாக்டர் இல்லாம, எந்த லேப்லயும். 2006-ல வந்த ஆய்வுகள், ஸ்டென்டுக்குள்ள அடைச்சவங்களுக்கும் இதுதான் கதிர்வீச்சைவிட மேல்னு காட்டிடுச்சு. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் விதைப் பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

ஆனா முழுசா சாகலை. ஒரே இடத்துல ரெண்டு, மூணு ஸ்டென்ட், ஒண்ணுக்குள்ள ஒண்ணா வெச்சும் அடைக்கிறவங்க இருக்காங்க. இன்னொரு அடுக்கு வெச்சா குழாயில இடமே இருக்காது. சிலருக்கு பைபாஸும் முடியாது. அவங்களுக்காக அமெரிக்காவுல சில மையங்கள் ஸ்ட்ரான்சியத்தை இன்னும் பயன்படுத்துறாங்க. கம்பி எதையும் விட்டுட்டு வராததுதான் இதோட பலம். மருந்து பூசின பலூனுக்கும் அதே பலம் உண்டு. 2024 மார்ச்ல அமெரிக்காவும் அதை இதயக் குழாய்களுக்கு அனுமதிச்சாச்சு. அதனால கதிர்வீச்சுக்கு மிச்சம் இருக்கிற இடம் இன்னும் குறையும்னு நான் நினைக்கிறேன்.

உங்க வீட்ல யாராவது இந்தக் கதிர்வீச்சு எடுத்திருந்தா ஒண்ணு மட்டும். பல் பிடுங்கப் போனாக்கூட, ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரையை இதய டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.