தராசுல தொங்கின ஒயர் காயில்!

வணக்கம் வணக்கம். சத்தம் கேக்குதா? மேல மாடியில ஒயர் பைப் புதைக்க சுவத்துல காடி, அதான் பள்ளம், வெட்டிட்டு இருக்காங்க. நிறுத்தச் சொன்னா டீ குடிக்கக் கிளம்பிடுவாங்க, அப்புறம் இன்னிக்கு வேலை அம்புட்டுதான். அதனால நானே கத்திப் பேசறேன்.

என்னோட தொங்கு தராசு ஞாபகம் இருக்கா? சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ் இருக்கான்னு மாட்டிப் பாத்த வீடியோ? கமெண்ட்ல எப்படிச் சிரிச்சீங்க! இப்ப கேளுங்க.

மாடி போர்ஷனுக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் லிஸ்ட் கொடுத்தார். 1.5 ஸ்கொயர் ஒயர் மட்டும் எட்டு காயில். வழக்கமான கடையில ஒண்ணு 2,350 ரூபாய். இன்னொரு கடையில 1,700. அதே 90 மீட்டர், அதே 1.5, பெட்டி மேல காப்பர்னு கொட்டை எழுத்துல. எட்டு காயிலுக்கு 5,200 ரூபாய் மிச்சம்! எங்க வீட்டுக்காரர் பர்ஸைத் திறந்துட்டார்.

எனக்குத்தான் கை அரிச்சுது. கணக்கு சிம்பிள். 1.5 ஸ்கொயர்னா செம்போட குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். 90 மீட்டரால பெருக்கினா 135 கன சென்டிமீட்டர். செம்பு ஒரு கன சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 9 கிராம். ஆக செம்பு மட்டுமே 1.2 கிலோ வரணும். மேல இருக்கற பிவிசி தோலையும் சேத்தா 1.8, 1.9 கிலோவாவது காட்டணும். பையிலிருந்து தராசை எடுத்து மாட்டினேன். 1.15! அட்டைப்பெட்டியோட சேத்து!

கடைக்காரர் சொல்றார், "இது லைட் வெயிட் மாடல்மா." செம்புல ஏதுங்க லைட் வெயிட்? காசு நான் தரேன், ஒரு முனையை வெட்டுங்கன்னேன். ஒரு இழையை நகவெட்டியால சுரண்டினா உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம். மேல செம்பு முலாம். அலுமினியம் அதே தடிமனுக்கு செம்பு கடத்தறதுல அறுபது சதவீதம்தான் கடத்தும். சுவிட்ச் ஸ்குரூல இறுக்கினா நாளாக நாளாகத் தளர்ந்து, அந்த இடம் சூடாகும். எங்க வீட்டுக்காரர் பர்ஸை மூடின வேகத்தைப் பாக்கணுமே! வழக்கமான கடைக்கே போனோம். அங்கயும் மாட்டினேன், 1.9. அந்த அண்ணன் சிரிச்சுட்டு டீ சொன்னார்.

இருங்க, எந்த ஒயர் எதுக்குன்னே சொல்லல. லைட், ஃபேன், சின்ன பிளக் பாயிண்டுக்கு 1.5. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், இண்டக்ஷன் வைக்கற பெரிய பிளக்குக்கு 2.5. ஏசிக்கும் கீசருக்கும் 4, ஒவ்வொண்ணுக்கும் தனி லைன். 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் கிட்டதான் இழுக்கும், 2.5 போதும்னு வாதாடலாம். ஆனா எங்க பாத்ரூம், கரண்ட்டைப் பிரிச்சு விடற டிபி பாக்ஸ்லேர்ந்து ரொம்ப தூரம், நான் 4 போட்டேன். எர்த்துக்கு மட்டும்தான் பச்சை. "மிச்சம் கிடக்கற பச்சையை நியூட்ரலுக்குப் போட்டுக்கறேன்க்கா"ன்னு நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார் பாருங்க, அன்னிக்கு அவருக்கு மோர்கூடக் கொடுக்கல.

அய்யோ, ஒயர் போற பைப்பை விட்டுட்டேனே! முதல்ல சொல்லியிருக்கணும். என் வீடியோவுல ஹால் சீலிங்ல ஒரு வெள்ளைப் பட்டி ஓடுதே, "அக்கா அது என்ன அசிங்கமா"ன்னு மாசத்துக்கு நாலு பேர் கேக்கறீங்களே? அதான் கதை. 2011ல கீழ் வீடு கட்டும்போது கான்கிரீட் ஸ்லாப்புக்குள்ள லைட்டுங்கற மெல்லிசு ரகப் பைப் போட்டாங்க. கம்பி மேல ஆளுங்க நடந்து ஒண்ணு நசுங்கிடுச்சு. இன்னொண்ணுல ஜாயிண்ட்டுக்குப் பசை தடவல, கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்கற வைப்ரேட்டர் ஆட்டின ஆட்டத்துல கழண்டு சிமென்ட் பால் உள்ள போய் அடைச்சுடுச்சு. ஃபேனுக்கு ஒயர் இழுத்தா போகவே மாட்டேங்குது. ஸ்லாப்பை உடைக்க முடியுமா? அதான் வெளியில ஒயரை மூடற கேசிங் பட்டி. அன்னிலேர்ந்து கண்ணை உறுத்துது.

இந்தத் தடவை ஸ்லாப்ல முழுக்க ஹெவி பைப், 25 எம்எம். லைட், மீடியம், ஹெவின்னு மூணு வரும், பைப் மேலயே அச்சு இருக்கும், கூடவே ஐஎஸ் 9537ன்னு இந்தியத் தர நம்பர் இருக்கான்னு பாருங்க. ஒயருக்கு ஐஎஸ் 694. சுவருக்கு மீடியம் போதும், அங்க யாரும் ஏறி மிதிக்கப் போறதில்ல. கான்கிரீட் போடறதுக்கு முந்தின ராத்திரி டார்ச்சோட போய் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் இழுத்துப் பாத்தேன். மூணு கையோட வந்துடுச்சு! மூணு! ஃபேன் பாக்ஸ் வாயெல்லாம் பழைய பேப்பர் திணிச்சேன்.

அப்புறம் வளைவு. குட்டையா மடங்கற எல்போ எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பைப்புக்குள்ள ஸ்பிரிங் விட்டு அகலமா வளைக்கச் சொல்லுங்க. ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் நடுவுல ரெண்டு வளைவுக்கு மேல போனா இழுக்கறவர் கை போயிடும். பைப்பை ஒயரால நிரப்பவும் கூடாது, நாப்பது சதவீதம் போதும், மிச்சம் காத்து. சூடு இறங்கணும், நாளைக்கு ஒரு ஒயர் சேக்கணும்னாலும் இடம் வேணும். இழுக்கும்போது எண்ணெய் தடவ விடாதீங்க, பிவிசிக்கு ஆகாது. முகப்பவுடர் போதும், என் டப்பா காலி. இன்டர்நெட் கேபிளுக்குத் தனி பைப், கரண்ட் ஒயரோட சேக்கவே சேக்காதீங்க.

ஒயர் எஃப்ஆர் ரகமா எஃப்ஆர்எல்எஸ் ரகமா, எது வாங்கன்னு போன வீடியோவுல கேட்டிருந்தீங்க. எஃப்ஆர் தீயைப் பரவ விடாது, ஆனா பிவிசி எரிஞ்சா புகையும் அமில வாயுவும் வரும். எல்எஸ்னா லோ ஸ்மோக், அதுல இது குறைவு. எங்க பில்லுல பெரிய வித்தியாசம் வரல, எல்எஸ்ஸே வாங்கிட்டேன்.

சத்தம் நின்னுடுச்சு, கேட்டீங்களா? டீக்குப் போயிட்டாங்க. இருங்க, நான் போய்...