யாரிடமும் கேட்காமல் செய்த தேசங்கள்

நண்பர்களே, வணக்கம்.

மத்திய ஆசியா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மூன்றே விஷயம்தான். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி இறந்த தாஷ்கண்ட், டெல்லியைச் சூறையாடிய தைமூர், அப்புறம் இப்போது எம்.பி.பி.எஸ். படிக்கப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிற பிஷ்கெக். ஆனால் புதிதாக விடுதலை அடைந்த ஒரு முஸ்லிம் நாடு "நாம் யார்" என்ற கேள்வியை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அங்கே விடுதலை வந்த விதமே வேறு. 1991 மார்ச்சில் சோவியத் ஒன்றியம் நீடிக்க வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, மத்திய ஆசியக் குடியரசுகளான கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஐந்திலும் 90 சதவீதத்துக்கு மேல் நீடிக்கட்டும் என்றுதான் வாக்கு விழுந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஐந்தும் தனி நாடுகள். டிசம்பர் 8-ஆம் தேதி ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ் தலைவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒன்றியத்தைக் கலைக்கக் கையெழுத்துப் போட்டார்கள், மத்திய ஆசியாவிலிருந்து ஒருவரைக்கூட அழைக்கவில்லை. கஜகஸ்தான் டிசம்பர் 16-இல்தான் விடுதலை அறிவித்தது, எல்லோருக்கும் கடைசியாக. நேற்றுவரை கம்யூனிஸ்ட் கட்சியின் முதன்மைச் செயலாளராக இருந்த உஸ்பெகிஸ்தானின் கரீமோவும் கஜகஸ்தானின் நஜர்பாயேவும் துர்க்மெனிஸ்தானின் நியாசோவும் மறுநாள் தேசத்தின் தந்தை ஆனார்கள்.

சரி, தந்தை வந்தாயிற்று, தேசம் எங்கே? எல்லைகள் எல்லாம் 1924-க்குப் பிறகு சோவியத் அதிகாரிகள் போட்டவை. சமர்கந்தும் புகாராவும் தலைமுறை தலைமுறையாகப் பாரசீக மொழி பேசிய ஊர்கள், ஆனால் உஸ்பெகிஸ்தானுக்குள் போய்விட்டன. அங்கே இன்றும் வீட்டுக்குள் தாஜிக் (பாரசீகத்தின் ஒரு வடிவம்) பேசி, பாஸ்போர்ட்டில் உஸ்பெக் என்று இருக்கிற குடும்பங்கள் ஏராளம். ஃபெர்கானா பள்ளத்தாக்கை மூன்று குடியரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. எழுத்தையும் விடவில்லை. அரபி எழுத்து போய் லத்தீன் வந்தது, 1940 வாக்கில் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது, 1993-இல் உஸ்பெகிஸ்தான் மறுபடி லத்தீனுக்குச் சட்டம் போட்டது. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாது என்றால் அந்த வீட்டில் வரலாறு எப்படிக் கைமாறும், சொல்லுங்கள்.

உஸ்பெகிஸ்தானின் தலைநகர் தாஷ்கண்டின் நடுவில் ஒரு சதுக்கம் இருக்கிறது. முதலில் அங்கே நின்றது ஜார் மன்னரின் கவர்னர் காஃப்மன், அந்த மண்ணைப் பிடித்து ஆண்டவர். பிறகு ஸ்டாலின் நின்றார். அவரை எடுத்துவிட்டு கார்ல் மார்க்ஸின் பெரிய தலையை வைத்தார்கள். 1993-இல் மார்க்ஸ் போய், குதிரைமேல் கையை நீட்டியபடி தைமூர் வந்து நின்றார். நம் பாடப்புத்தகத்தில் 1398-இல் டெல்லியைக் கொன்று குவித்தவர், அங்கே அரசு கட்டியவர். இதில் ஆச்சரியமில்லை, ஒவ்வொரு நாடும் அப்படித்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தைமூரின் வாரிசுகளைச் சமர்கந்திலிருந்து துரத்தியதே ஷைபானி கானின் உஸ்பெக் படைதான், அப்படித் துரத்தப்பட்டு அலைந்த பாபர்தான் கடைசியில் இந்தியாவுக்கு வந்தார். அந்த உஸ்பெக் பெயரை வைத்திருக்கிற நாடு தைமூரை மூதாதையாக வைத்துக்கொள்ள முடிகிறதென்றால், அந்த மூதாதையைத் தேர்ந்தெடுத்தது ஜனங்கள் இல்லை, அரண்மனை.

இதே கதைதான் மற்ற இடங்களிலும். தாஜிகிஸ்தான் சாமானித் (Samanid) என்ற பழைய அரச வம்சத்தின் இஸ்மாயீலைப் பிடித்துக்கொண்டது, நாணயத்துக்கே அவர் பெயர், சொமோனி. கிர்கிஸ்தான் 1995-இல் கிர்கிஸ் வீரன் மனாஸைப் பாடும் காவியத்துக்கு ஆயிரம் ஆண்டு விழா எடுத்தது.

இப்போது மதத்துக்கு வருகிறேன். 1991-இல் வெளியே இருந்து பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, இவர்கள் மத ஆட்சி நடக்கும் ஈரான் ஆவார்களா, மதச்சார்பற்ற துருக்கி ஆவார்களா என்பது. என் கருத்தில் அது தப்பான கேள்வி, ஏனென்றால் அந்தத் தலைவர்களிடம் ஏற்கெனவே ஒரு மாதிரி இருந்தது, சோவியத் மாதிரி. 1943-இல் ஸ்டாலின் தாஷ்கண்டில் முஸ்லிம்களுக்கு ஒரு மத நிர்வாக வாரியம் ஏற்படுத்திக் கொடுத்தார். யார் இமாம், எந்தப் பள்ளிவாசல் திறக்கலாம், எல்லாம் அதன் வழியாக அரசு பார்த்துக்கொண்டது. 1991-க்குப் பிறகு அந்த வாரியம் நாட்டுக்கு நாடு பிரிந்தது, வேலை மாறவில்லை. தொப்பியும் சமர்கந்தின் நீல மாடங்களும் தேசத்தின் பெருமை, ஆனால் அந்த மாடத்துக்கு அடியில் ஒரு இளைஞன் தானாக மார்க்கம் படிக்க உட்கார்ந்தால் அவன் சந்தேகத்துக்கு உரியவன். இந்த முரணை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தாஜிகிஸ்தானில் வேறு வழி ஒன்று திறந்திருந்தது. 1992-இலிருந்து ஐந்து வருஷம் உள்நாட்டுப் போர், பல்லாயிரம் பேர் செத்தார்கள். 1997 ஜூனில் சமாதான ஒப்பந்தம் ஆனபோது எதிரணிக்கு அரசுப் பதவிகளில் 30 சதவீதம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள், இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி சட்டப்படி இயங்கியது, தேர்தலில் நின்றது, தோற்றாலும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தது. மதக் கட்சி ஒன்றை வாக்குப்பெட்டிக்குள் கொண்டுவர முடியும் என்று அந்தப் பகுதியில் காட்டிய ஒரே நாடு. அதை 2015-இல் பயங்கரவாத அமைப்பு என்று தடை செய்தார்கள். 2011-லேயே 18 வயது ஆகாத பிள்ளைகள் பள்ளிவாசலுக்குப் போகத் தடை வந்திருந்தது. 2024-இல் தேசியப் பண்பாட்டுக்கு அந்நியமான உடைக்குத் தடை, அதாவது நடைமுறையில் ஹிஜாபுக்கு. ஒரு தாஜிக் பெண் தலையில் என்ன போட்டால் தாஜிக், என்ன போட்டால் அந்நியம் என்று ஓர் அலுவலகம் முடிவு செய்கிறது. முகத்திரையை எரிக்கச் சொல்லி 1927-இல் வந்த சோவியத் இயக்கமும் இதைத்தான் செய்தது. மூடு என்று கட்டளையிடுவதும் எடு என்று கட்டளையிடுவதும் அந்தப் பெண்ணுக்கு ஒரே அதிகாரம்தான்.

கஜகஸ்தானின் சங்கடம் வேறு. 1930-களின் பஞ்சத்தில் பதினைந்து லட்சம் பேர் வரை மாண்டு, வெளியிலிருந்து குடியேற்றங்களும் நடந்து, 1989-இல் கஜாக்குகள் சொந்த நாட்டிலேயே 40 சதவீதம்தான். அதனால் அங்கே மொழியையும் தேசியத்தையும் மெதுவாகத்தான் தொட்டார்கள், 1997-இல் தலைநகரையே அல்மாட்டியிலிருந்து வடக்கே ரஷ்யர்கள் அதிகம் வாழ்ந்த பக்கத்துக்கு மாற்றினார்கள்.

கிர்கிஸ்தானைச் சனநாயகத் தீவு என்பார்கள். 2005, 2010, 2020 என மூன்று முறை மக்கள் தெருவுக்கு வந்து ஆட்சியைக் கவிழ்த்த நாடு. அதே 2010 ஜூனில் ஓஷ் நகரில் கிர்கிஸ்களுக்கும் உஸ்பெக்குகளுக்கும் நடந்த கலவரத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் உஸ்பெக்குகள். இரண்டு பக்கமும் சுன்னி முஸ்லிம்கள், ஒரே சந்தையில் ரொட்டி வாங்குகிறவர்கள். மனாஸைத் தேசத்தின் முகமாக வைத்துவிட்டால் ஓஷில் பல தலைமுறையாக இருக்கிற உஸ்பெக் எங்கே நிற்பான் என்று விழா எடுத்தபோது யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அந்த மண்ணில் இந்தக் கேள்விகளை ஜனங்களோடு பேசியவர்கள் இருந்தார்கள். ஜதீதுகள் என்று பெயர். சோவியத் வருவதற்கு முன்பே புதுப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பத்திரிகை போட்டார்கள், நாடகம் போட்டார்கள், முஸ்லிமாக இருந்துகொண்டே எப்படி நவீனமாவது என்று முல்லாக்களோடு சண்டை போட்டார்கள். அவர்களில் ஃபித்ரத், சோல்பான், காதிரி மூவரையும் 1938 அக்டோபர் 4-ஆம் தேதி தாஷ்கண்டில் சுட்டுக் கொன்றார்கள். இன்று உஸ்பெக் அரசு அவர்களைக் கொண்டாடுகிறது, நல்லது, அவர்கள் எழுதிய மாதிரி இன்றைக்கு எழுதவும் விட வேண்டும்.

எல்லைகள் இப்போது தீர்ந்து வருகின்றன, 2025 மார்ச்சில் கிர்கிஸ்தானும் தாஜிகிஸ்தானும் கையெழுத்துப் போட்டன, அதற்காக நான் மனதார மகிழ்கிறேன், ஏனென்றால் 2021-லும் 2022-லும் அந்த எல்லையில் ஊர் ஊராக எரிந்தது. ஆனால் உஸ்பெகிஸ்தானோடு 2022-இல் கெம்பிர்-அபாத் நீர்த்தேக்கத்தை வைத்து கிர்கிஸ் அரசு ஒப்பந்தம் பேசியபோது, விவரத்தைச் சொல்லுங்கள், விவாதிக்க விடுங்கள் என்று கேட்டவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை ஒரே வாரத்துக்குள் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2024 ஜூனில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நீர்த்தேக்கம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.