ஹவானாவின் காற்றுக்கு ஒரு பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். சுருட்டு உடம்புக்குக் கேடு, அதில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் நான் பேச வந்தது சுருட்டை வைக்கும் பெட்டியைப் பற்றி. ஹ்யூமிடார் என்பார்கள். மரவேலையில் ஆர்வம் உள்ளவன் என்ற முறையில், இவ்வளவு யோசித்துச் செய்த இன்னொரு சின்னப் பெட்டியை நான் பார்த்ததில்லை.

கியூபாவின் ஹவானாவில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். அங்கே உருட்டிய சுருட்டுக்கு அந்தக் காற்றே போதும். அதே சுருட்டு கப்பலேறி லண்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போனதும் தொல்லை தொடங்கியது. குளிர்காலக் காற்றில் நீராவி குறைவு. கணப்பு மூட்டி அறையைச் சூடாக்கினால் ஈரப்பதம் இன்னும் இறங்கும். வெளி இலை அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும், வாசனை எண்ணெய்களும் ஆவியாகிவிடும். ஆக, ஹ்யூமிடார் வெயில் நாட்டின் தேவை இல்லை, குளிர்நாட்டுக்காரன் தலைவலிக்குக் கண்ட மருந்து. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஐப்பசி மழையின்போது பிரச்சினையே தலைகீழ்: ஈரம் ஏற்றுவதல்ல, இறக்குவதுதான் பாடு.

பெட்டிக்குள் தேவையான ஈரம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதை அளக்கும் கருவியும் ஜெனீவாவில் பிறந்ததுதான். சொஸ்யூர் என்ற அறிவியலாளர் மனிதத் தலைமுடி ஈரத்தில் நீள்வதையும் உலர்ந்தால் சுருங்குவதையும் வைத்துச் செய்த ஈரமானியை 1783-இல் விளக்கி எழுதினார். அவர் நினைத்தது வானிலையை, சுருட்டை அல்ல.

அதே ஜெனீவாவில்தான் சுருட்டு வணிகர் ஸீனோ டேவிடாஃப் வருகிறார். 1906-இல் கீவ் நகரில் பிறந்தவர். குடும்பம் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது, அப்பா புகையிலைக் கடை வைத்தார். மகன் இளவயதில் தென் அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் போய்த் தோட்டங்களில் தொழில் பழகித் திரும்பினார். வந்ததும் கடையின் நிலவறையையே வெப்பமும் ஈரமும் கட்டுப்பட்ட அறையாக மாற்றினார். மேசைமேல் வைக்கும் பெட்டிக்கும் அவர்தான் மூலகர்த்தா என்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மரப்பெட்டியில் ஈரப் பஞ்சையும் ஆப்பிள் துண்டையும் போட்டு வைக்கும் பழக்கம் அதற்கு முன்பே இருக்கத்தான் செய்தது. ஆப்பிள் அழுகிப் பூஞ்சை பிடிக்கும் என்பது வேறு கதை.

லண்டனில் டன்ஹில் என்ற புகையிலைக் கடை, வாடிக்கையாளர்களின் சுருட்டுகளைத் தன் அறையிலேயே பாதுகாத்துக் கொடுத்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு விழுந்து கடை நொறுங்கியபோது, "உங்கள் சுருட்டுகள் பத்திரம்" என்று சர்ச்சிலுக்கு நள்ளிரவில் தொலைபேசியில் சொன்னதாக ஒரு கதை உண்டு. போர்க்காலப் பிரதமரை எழுப்பிச் சொல்லும் செய்தியா இது!

சரி, மரத்துக்கு வருவோம். உட்புறம் பதிக்கும் மரத்தை ஸ்பானிஷ் சீடர் என்பார்கள். அது ஸ்பெயின் மரமும் இல்லை, சீடர் எனப்படும் தேவதாருவும் இல்லை. மத்திய, தென் அமெரிக்க மரம், நம் வேம்பின் குடும்பம். ஈரத்தை உறிஞ்சி மெல்லத் திருப்பிக் கொடுக்கும், அதன் மணம் பூச்சிக்குப் பிடிக்காது. நல்ல தச்சர் இந்தப் பலகையை இறுக்கி ஒட்டாமல், கொஞ்சம் உப்ப இடம் விட்டுப் பொருத்துவார். ஈரம் ஏறியதும் பலகை உப்பி மூடியோடு நெருங்கும். மூடியை விட்டால் படாரென விழக்கூடாது, உள்காற்று தாங்க மெதுவாக இறங்க வேண்டும். ஒரு ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். புதுப் பெட்டியில் உடனே சுருட்டை வைத்தால் மரமே அதன் ஈரத்தைக் குடித்துவிடும். காய்ச்சி வடித்த நீரால் முதலில் மரத்தைப் பழக்க வேண்டும்.

குறி இதுதான்: ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் சுமார் 21 டிகிரி செல்சியஸ். அதிகச் சூட்டில் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, சுருட்டில் குண்டூசித் துளைகள் விழும். ஈரம் தந்துகொண்டே இருக்கப் பஞ்சுக்கு அப்புறம் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் கலந்த நீர் வந்தது. பிறகு உப்புக்கரைசல் பொட்டலம். என் பார்வையில் உண்மையான முன்னேற்றம் அதுதான். சமையல் உப்பை நீரில் குழைத்து மூடிய பையில் வைத்தால் உள்காற்று 75 சதவீதத்தில் நின்றுவிடும். ஈரமானி சரியா என்று பார்க்க இன்றும் இந்த வழியைத்தான் கையாளுகிறார்கள். வெவ்வேறு உப்புக்கு வெவ்வேறு அளவு. ஈரம் மிஞ்சினால் பொட்டலம் உறிஞ்சும், குறைந்தால் தரும். காற்றில் மிஞ்சிய ஈரத்தை உறிஞ்ச, நனைந்த பஞ்சுக்குத் தெரியாது.

இவ்வளவு வேலைப்பாட்டுக்கும் சந்தை விலை வைப்பது வேறு கணக்கு. 1961 ஜனவரியில் ஜான் கென்னடி பதவியேற்றபோது நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் ஒரு பெட்டி பரிசளித்தார். 1996-இல் சதபிஸ் ஏலத்தில் அது 5,74,500 டாலருக்குப் போனது, வாங்கியவர் சுருட்டுப் பத்திரிகை நடத்தும் மார்வின் ஷான்கென். கொடுத்த பெர்லும் ஏலம் கேட்டுப் பார்த்தார், கட்டுப்படியாகாமல் பாதியிலேயே விட்டுவிட்டார்.