வரைவும் அச்சும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ரோபோ செய்யும் இடங்களில் பெரும்பாலும் உடலை ஒருவர் வரைகிறார். அந்த உடலை நடக்கவைக்கும் நிரலைப் பிறகு இன்னொருவர் எழுதுகிறார். கால் அமைந்த விதமே தவறு என்றால், நிரல் எழுதுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த ரோபோ நொண்டத்தான் செய்யும். உடலையும் இயக்கத்தையும் கணினியே சேர்த்துத் தேடலாம் என்பதை 1994-இல் கணினி வரைகலை ஆய்வாளர் கார்ல் சிம்ஸ் காட்டினார். அவருடைய கட்டை உருவங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி நீந்தவும் நடக்கவும் பழகின. ஆனால், அவை திரைக்குள்ளேயே இருந்தன.

2000-ஆம் ஆண்டில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஹாட் லிப்சனும் ஜோர்டன் போலக்கும், தண்டுகள், இயக்கிகள், செயற்கை நரம்பணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு நகரும் உருவங்களைக் கணினியைத் தேடவைத்து, கிடைத்தவற்றை முப்பரிமாண அச்சில் எடுத்தார்கள். மோட்டார்களைப் பொருத்துவதுதான் மனிதக் கைக்கு மிஞ்சிய வேலை. என்னைக் கவர்ந்தது அந்த வெற்றியைவிட அதிலிருந்த குறைதான்: சில உருவங்கள், கணினியில் கடந்த தூரத்தில் பாதியைக்கூட நிஜத் தரையில் கடக்கவில்லை, கால்கள் வழுக்கின.

ஒரே கெட்டிப் பிளாஸ்டிக்கோடு நிற்காமல், மென்மையும் விறைப்பும் கலந்த உடல் வேண்டும் என்றால் தேடல் பூதாகரமாகிவிடுகிறது. பக்கத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு சிறு கனசதுரத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் மென்பொருள், வன்பொருள், வெற்றிடம் என்று மூன்றே தேர்வுகள் இருந்தாலும் (மென்பொருள் என்பதை இங்கே அதன் நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன்), சாத்தியமான உடல்களின் எண்ணிக்கை 478 இலக்கங்களுக்கு நீளும். அதனால்தான் லிப்சன் அப்போது பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வு, கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுப்பதை விட்டு, இடத்தைச் சொன்னால் அங்கு வரவேண்டிய பொருளைச் சொல்லும் சூத்திரத்தையே பரிணமிக்க விட்டது.

அச்சுப்பொறிகளும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2015-இல் ஒரே நேரத்தில் பத்துப் பொருள்களைக் கையாளும் பொறி வந்தது. மறு ஆண்டே அங்கு திடத்தையும் திரவத்தையும் ஒருசேர அச்சிட்டு, உள்ளே நீர்ம அழுத்தத்தால் இயங்கும் ஆறுகால் ரோபோ ஒன்றை 22 மணி நேரத்தில் எடுத்தார்கள். மோட்டாரும் மின்கலமும் மட்டுமே பிறகு சேர்க்கப்பட்டன.

சூரிக் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும் இன்க்பிட் நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வளைத்தால் விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பும் தையோலீன் வகைப் பிசின்கள் மெதுவாகவே இறுகும். வழக்கமான பொறியில் அடுக்கைச் சமன்செய்யும் தகடு பட்டால் அவை இழுபட்டுவிடும். எனவே தகட்டை எடுத்துவிட்டு, ஒவ்வோர் அடுக்கின் மேடுபள்ளத்தையும் ஒளியால் அளந்து, அதற்கேற்ப அடுத்த அடுக்கில் பிசினைக் கூட்டியோ குறைத்தோ தெளித்தார்கள். எலும்பும் தசைநாணும் சேர்ந்த ஒரு கை அப்படி ஒரே அச்சில் உருவானது.

அந்த அளவீடு இப்போதைக்கு அடுத்த அடுக்கைத் திருத்தத்தான் பயன்படுகிறது. உடலை வரையும் நிரலுக்கும் அதைக் கொடுக்கலாமே என்பது என் எண்ணம். வரைவில் எண்ணிய தடிமனுக்கும் பொறி உண்மையில் இட்ட தடிமனுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நிரல் அறிந்தால், அடுத்த காலை வரையும்போது அச்சில் நிலைக்காத மெல்லிய மூட்டுகளை அது தானாகவே ஒதுக்கிவிடும்.