இவள் ஆற்றை பிள்ளை?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, 'இண்டைக்கும் கர்ணனா கும்பகர்ணனா எண்டுதான் இருக்கும்' என்று நம்பி முன்வரிசைக் கதிரைகளில் வந்து இருக்கிற பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம். கர்ணனும் வருவான், கொஞ்சம் பொறுங்கோ.

தலைப்பை இன்னொருக்கால் சொல்லிவிடுகிறேன். 'ஸ்டார் வோர்ஸ்' வரிசையில் 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களின் நாயகி ரே. அவளுடைய பிறப்பு மர்மத்தைப் பாழாக்கியது ரசிகர்களின் ஊகமா, படைத்தவர்களின் தடுமாற்றமா? படைத்தவர்கள்தான் என்று விரல் நீட்டுகிற அணி எங்களது.

படம் பாராதவர்களுக்காக ஒரு மிடறு கதை. ஜக்கு என்றொரு பாலைவனக் கிரகம். பழைய போரில் விழுந்த கப்பல்களைக் கழற்றி, உதிரிப்பாகம் விற்றுச் சாப்பிடுகிற 19 வயதுப் பெட்டை ரே. ஐந்தாறு வயதில் தன்னை விட்டுவிட்டுப் போன தாய் தகப்பன் திரும்பி வருவார்கள் என்று, கவிழ்ந்து கிடக்கும் ஒரு போர் எந்திரத்தின் வயிற்றுக்குள் குடியிருந்துகொண்டு, சுவரில் நாளுக்கொரு கீறு போட்டு எண்ணுகிறாள். அப்படிப்பட்டவளுக்குப் பயிற்சி ஒன்றும் இல்லாமலே ஃபோர்ஸ் என்கிற அந்தப் பேராற்றல் வாய்க்கிறது. உடனே கேள்வி பிறக்கிறது. இவள் ஆற்றை பிள்ளை?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தாருக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. ஒழுங்கையில் சைக்கிளில் போகிற பொடியனை மறித்து, 'தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?' என்று தொடங்கி, அவன் பேரனின் பெயரும் பேரன் குடியிருந்த குறிச்சியும் வரும்வரைக்கும் ஹாண்டிலில் இருந்து கை எடுக்காத ஊர் இது.

எதிரணித் தலைவர் சொன்னார்: படம் கேட்காத கேள்விக்கு ரசிகர் தாங்களே விடை எழுதினார்கள், அந்த விடை வராததும் கோபித்தார்கள் என்று. படம் கேட்கவில்லையோ? 2015 படத்தில் மாஸ் கனாட்டா என்ற கிழவியின் கோட்டைக் காட்சியை எடுங்கோ. ஒரு சின்னப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு ரே படியிறங்கிப் போகிறாள். மரப்பெட்டிக்குள் ஓர் ஒளிவாள் இருக்கிறது. பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவோக்கரும் அவனுக்கு முதல் அவன் தகப்பனும் பிடித்த வாள். அதைத் தொட்டவுடன் காட்சிகள் கொட்டுகின்றன. மழைக்குள் கொலைகாரர் கூட்டம், தீக்கு முன்னால் இயந்திரக் கையொன்று ஒரு ரோபோவைத் தடவுவது, ஜக்குவில் ஒரு சிறுமி வானத்தில் போகிற கப்பலைப் பார்த்து 'திரும்பி வா' என்று கத்துவது. கடைசியில் ஒரு குரல், 'ரே' என்று அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது.

அந்தக் குரலை எப்படிச் செய்தார்கள் தெரியுமோ? 1977இல் வந்த முதல் ஸ்டார் வோர்ஸ் படத்தில் லூக்கின் குரு ஒபி-வான் கெனோபியாக நடித்த அலெக் கின்னஸ் 2000ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். ஆகவே அவர் எப்போதோ பேசிப் பதிவான 'அஃப்ரெய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் நறுக்கி, நடுவில் கிடந்த 'ரே' என்ற அசையை மட்டும் எடுத்து ஒட்டினார்கள். பின்னால் வருகிற 'இவை உன் முதல் அடிகள்' என்ற வரியை, இளவயது கெனோபியாக நடித்த யூவன் மக்கிரகர் பேசியிருக்கிறார். இறந்துபோன மனிதரின் ஒரு சொல்லைச் சீவி, அதன் சதையை எறிந்துவிட்டு, இந்தப் பிள்ளையின் பேரை எடுத்து வைத்தவர்கள், 'நாங்கள் ஒன்றும் சுட்டவில்லை' என்று சொன்னால் யார் நம்புவது? ரே கெனோபியின் பேத்தி என்ற ஊகம் அந்த ஓர் அசையில் இருந்துதான் முளைத்தது. விதைத்தவர் ஒருவர், பயிரைப் பிடுங்கியதற்குப் பேச்சு வாங்குகிறவர் வேறொருவர்.

ஊகம் என்றால் வாய்க்கு வந்தபடி அளக்கிறது என்று எதிரணித் தங்கை பகிடி பண்ணினா. நல்ல ஊகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, பிள்ளை. சாத்திரியாரிடம் போனால் முதல் என்ன கேட்கிறார்? பிறந்த திகதி. ரசிகரும் அங்கேதான் தொடங்கினார்கள். 1977 படத்தின் முடிவில் வருகிற யாவின் போர் நடந்த ஆண்டை 0 என்று வையுங்கோ. லூக் அதற்கு 19 வருஷம் முந்திப் பிறந்தவன். கெனோபி செத்தது அந்த 0 ஆண்டில். 2015 படம் நடப்பது 34இல். ரேக்கு அப்போது 19 என்றால் அவள் பிறந்தது 15இல். லூக்குக்கு அந்நேரம் 34 வயது, தகப்பனாக அச்சொட்டாகப் பொருந்துகிறது. கெனோபி தகப்பன் என்றால் செத்து 15 வருஷத்தால் பிள்ளை பெறவேண்டும், அது நடவாது. பாட்டன் என்றால் நடக்கும். 2016 படத்து ஜின் எர்ஸோ தாய் என்று சிலர் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண் யாவின் போருக்குச் சற்று முந்தியே செத்துப்போனவள். கணக்கு அந்த ஊகத்தை ஒரே வரியில் வெட்டிவிட்டது. வெட்டியவர்களும் ரசிகர்கள்தான்.

ஆண்டு பொருந்தினால் அடுத்தது, ஆருக்கு என்ன தெரியும் என்ற விசாரணை. லூக்கின் தங்கை லேயாவும் அவள் புருஷன் ஹான் சோலோவும் பெற்றோர் என்ற ஊகம் இங்கே விழுந்தது. காணாமற்போன மகள் முன்னால் வந்து நிற்க, ஹான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஆனால் அதே படத்தின் முடிவில், ஹான் செத்த செய்தியோடு எல்லாரும் திரும்பி வருகையில், லேயா என்ன செய்கிறாள்? ஹானோடு காலமெல்லாம் திரிந்த சூபக்கா பக்கத்தால் நடந்து போக, அவனை விட்டுவிட்டு, முன்பின் அறியாத ரேயைப் போய்க் கட்டிப்பிடிக்கிறாள். செத்தவீட்டில் கூடப்பிறந்தவன் மாதிரி நிற்கிறவனை விட்டுவிட்டு, படலையால் வந்த புது ஆளைக் கட்டிப்பிடித்து அழுதால் ஊர் என்ன கதைக்கும்? அதைத்தான் ரசிகர்களும் கதைத்தார்கள். இயக்குநர் ஏப்ரம்ஸ் அந்த இடம் தன் பிழையென்று பிறகு ஒப்புக்கொண்டார். நல்லது. ஆனால் அந்தப் பிழையில் முளைத்த ஊகத்தை இன்றைக்கு எங்கள் தலையில் கட்டப்படாது.

அதே ஏப்ரம்ஸ் 2016இல் நியூயோர்க்கில் ஒரு திரைப்பட விழா மேடையில், ரேயின் பெற்றோர் 2015 படத்தில் இல்லை என்று பொருள்படச் சொன்னார். லூக், ஹான், லேயா மூன்று பேருமே அந்தப் படத்தில் வருகிறவர்கள். அப்படியென்றால் பட்டியலில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டது. பிறகு என்ன? பெற்றோர் ஆரென்று அந்தப் படத்தில் தெரியவராது என்றுதான் சொல்லவந்தேன் என்று திருத்தம் வந்தது. அடிபட்ட ஊகம் அவ்வளவும் எழும்பி வந்து திண்ணையில் இருந்தது.

இனி 2017. இயக்குநர் மாறுகிறார், ரயன் ஜோன்சன் வருகிறார். லூக் ரேயைக் கண்டு எந்த ஊரென்று கேட்கிறான். ஒரு ஊருமில்லை என்கிறாள். ஊரில்லாத ஊரிலிருந்து ஒருவரும் வாறதில்லை என்கிறான். ஜக்கு என்றதும், சரி, அது கிட்டத்தட்ட அப்படித்தான் என்கிறான். லூக்தான் தகப்பன் என்ற ஊகம் அந்த இடத்திலேயே பிராணனை விட்டது. குகையொன்றில் பெற்றோரைக் காட்டு என்று கேட்கிறாள், இரண்டு நிழல் ஒன்றாகி அவள் முகமே தெரிகிறது. கடைசியில் லேயாவின் மகனும் இந்தப் படங்களின் வில்லனுமான கைலோ ரென் வற்புறுத்த, அவள் வாயாலேயே வருகிறது: அவர்கள் யாருமில்லை. குடிக்கிற காசுக்கு உன்னை விற்றவர்கள், ஜக்குப் பாலைவனத்தில் ஏழைகளின் குழியில் கிடக்கிறார்கள் என்று அவன் முடிக்கிறான்.

நான் நேராகச் சொல்லுறன், அது நல்ல பதில். கிழங்கு அகழ்ந்த குழிக்குள் கிடந்த பிள்ளையைத் தெய்வயானைக்குப் பக்கத்தில் இருத்திக் கும்பிடுகிற எங்களுக்கு, 'யாருமில்லை' என்ற பதில் உறைக்காதா? அந்தப் பதிலை ஏற்காமல் கொதித்த ரசிகர்கள் இருந்தார்கள், உண்மை. அந்தப் படத்தில் நடித்த ஒரு பெண்ணை இணையத்தில் வைதார்கள், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் மர்மம் பாழானது அந்தக் கொதிப்பாலோ? பதில் சொல்லியாயிற்று, கதவு பூட்டியாயிற்று. பூட்டை உடைத்தது ஆர்?

2019. மூன்றாம் படத்துக்கு நியமித்த இயக்குநர் 2017 செப்டெம்பரிலேயே விலகிவிட, ஏப்ரம்ஸ் திரும்ப வருகிறார். ரே, பழைய படங்களின் பெரிய வில்லன் பேரரசன் பல்பட்டீனின் பேத்தியாம். இவன் அதே யாவின் கணக்கில் 4ஆம் ஆண்டில் உலைக்குழிக்குள் தூக்கி எறியப்பட்டுச் செத்தவன். செத்தவனை எழுப்பவேண்டும், எழுப்பினவனுக்கு ஒரு மகனைக் காட்டவேண்டும். படத்தில் கைலோ 'உன் தகப்பன் பேரரசனின் மகன்' என்று ஒரு வரியில் முடிக்கிறான். அந்த மகன் தாய் வயிற்றில் பிறந்தவனல்ல, பிழைத்துப்போன ஒரு நகலாக்க முயற்சியில் வந்தவன் என்ற விளக்கம், 2020இல் வந்த நாவல் வடிவத்தில்தான் கிடைக்கிறது. தகப்பனுக்கு டேதன் என்று ஒரு பேர் கிடைக்க 2022இல் இன்னொரு நாவல் வரவேண்டியிருந்தது. தியேட்டரில் ரிக்கற் எடுத்தவருக்குக் கேள்வி, புத்தகக்கடைக்குப் போனவருக்குப் பதில். செத்த பல்பட்டீன் அண்டம் முழுக்க அனுப்பின செய்தி என்று படத்தின் முதல் வரிகளில் வருகிறதே, அதைக் குரலாகக் கேட்க ஆசையென்றால் 'ஃபோர்ட்நைட்' என்ற வீடியோ கேமுக்குள் போயிருக்க வேண்டும்.

குடிகாசுக்கு விற்றார்கள் என்றது? விற்றது உண்மை, காப்பாற்றத்தான் விற்றார்கள் என்று ஒட்டு. யாருமில்லை என்றது? யாருமில்லாதவர்களாக இருக்க அவர்களே விரும்பினார்கள் என்று ஒட்டு. ஜக்குவில் கிடந்த குழி? தாயும் தகப்பனும் ஓச்சி என்பவனின் கப்பலில் வைத்துக் குத்தப்படுவதைக் காட்டுகிறார்கள். குழிக்கு ஒட்டும் இல்லை. சைக்கிள் ரியூப்புக்கும் இத்தனை ஒட்டுக்கு மேல் கடைக்காரர் 'தம்பி, புதுசு போடும்' என்று சொல்லிப்போடுவார்.

பல்பட்டீன் பேத்தி என்ற ஊகம் 2015 படத்துக்குப் பிறகே இருந்தது என்பதையும் மறைக்கமாட்டன். ரே வாளைச் சுழற்றுவதைவிடக் குத்துவது அதிகம், 2005 படத்தில் பல்பட்டீனும் அப்படியே பாய்ந்து குத்துகிறான் என்று காட்டினார்கள். எனக்கு அது அப்போதும் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பொல்லைப் பிடித்து வளர்ந்தவள், வாளைத் தந்தாலும் பொல்லுக்காரியாகத்தான் குத்துவாள்.

இனிக் கர்ணன். குந்தி பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டது கேட்கிறவர்களுக்குத் தெரியும், கர்ணனுக்குத் தெரியாது. கோயிலில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். திருமாலின் மகள் சுந்தரவல்லி தவம் செய்ததும், முருகன் வாக்குக் கொடுத்ததும், அவளே வள்ளியாக மானின் வயிற்றில் வந்ததும் எங்களுக்குத் தெரியும். வள்ளிக்கிழங்குக் குழியில் பிள்ளையை எடுக்கிற நம்பிராசனுக்குத் தெரியாது. பிறப்பு இரகசியத்தை நடத்த இது ஒரு வழி. மற்றது, கேட்கிறவருக்கும் ஒளித்து, எழுதுகிறவர் மட்டும் அறிந்து குறிப்புகளை விதைப்பது. கேட்கிறவர், பாத்திரம், எழுதுகிறவர் மூன்று பேருக்குமே தெரியாமல் குறிப்பை மட்டும் விதைப்பதற்கு எங்கள் ஆட்களிடம் பேரே இல்லை. ரேயாக நடித்த டெய்சி ரிட்லி 2020இல் தொலைக்காட்சியில் சொன்னார்: தொடக்கத்தில் கெனோபி தொடர்பு பற்றி யோசித்தார்கள், பிறகு யாருமில்லை என்றார்கள், பிறகு பல்பட்டீன் என்றார்கள், மூன்றாம் படப்பிடிப்பு நடக்கும்போதுகூட அது மாறிக்கொண்டிருந்தது என்று.

எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் 1980ஐக் கொண்டுவருவார். அவருக்கு மினக்கேடு வேண்டாம், நானே கொண்டுவாறன். 'நான்தான் உன் தகப்பன்' என்று கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர் லூக்கிடம் சொன்ன அந்தப் படத்துக்கு, லீ பிராக்கெட் 1978இல் எழுதிய முதல் வரைவில் லூக்கின் தகப்பன் வேறு ஆள், ஆவியாக வருகிறான். ஸ்டார் வோர்ஸைப் படைத்த ஜோர்ஜ் லூக்கஸ் அடுத்த வரைவில்தான் மாற்றினார். படப்பிடிப்பில் வேடரின் உடைக்குள் நின்றவருக்குப் பொய் வசனம் கொடுத்து, உண்மையான வரியைப் பிறகு குரல்பதிவில் போட்டார்கள். லேயா தங்கை என்பதும் 1983இல்தான் வருகிறது. 1980இல் அவள் லூக்குக்குக் கொடுத்த முத்தத்துக்கு இன்றுவரை ஒருவரிடமும் சமாதானம் இல்லை. அதுவும் ஒட்டுத்தான், ஒப்புக்கொள்கிறன். ஆனால் 1980இல் திரையில் சொன்ன சொல்லை 1983இல் விழுங்கவில்லை. அதற்கு மேல்தான் கட்டினார்கள். ரேக்குச் சொன்ன சொல்லை இரண்டே வருஷத்தில் விழுங்கினார்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். கடைசிக் காட்சியோடு இருக்கிறன். லூக் வளர்ந்த டட்டூயின் கிரகத்துப் பாலைவனம். சண்டை எல்லாம் முடிந்து, வாள்களை மணலில் புதைத்துவிட்டு நிற்கிற ரேயிடம், ஒரு விலங்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தால் போகிற கிழவி கேட்கிறா, நீ ஆர் பிள்ளை என்று. ரே என்கிறாள். எந்த ரே? எங்கள் ஊர் ஆச்சியேதான், சேலை மட்டும் இல்லை. தூரத்தில் லூக்கும் லேயாவும் ஆவியாக நிற்கிறதைப் பார்த்துவிட்டு அவள் சொல்கிறாள், ரே ஸ்கைவோக்கர்.

ஐயா, 2015 டிசெம்பரில் ரசிகர் எழுதின பட்டியலில் முதல் நின்ற பேர் ஸ்கைவோக்கர். அதே பட்டியலில் யாருமில்லை என்பதும் இருந்தது. வாள் குத்தைக் காட்டிப் பல்பட்டீனும் இருந்தது. பின்னால் வந்த இரண்டு படமும் இந்த மூன்றையும் அந்தப் பட்டியலில் இருந்தே ஒவ்வொன்றாக எடுத்தன.