கதை மறந்த பின்னும் ஒரு காட்சி மட்டும் ஏன் மறப்பதில்லை? ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற உரைக்குப் பின் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடாமல் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. நேயர் ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார்: "சிறு வயதில் பார்த்த ஒரு படத்தின் கதை எனக்கு அடியோடு மறந்துவிட்டது. ஆனால் அதில் வரும் ஒரே ஒரு காட்சி மட்டும் இன்றும் கண்முன் நிற்கிறது. அண்மையில் அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். மிக நீளமானது என்று நான் நினைத்திருந்த அந்தக் காட்சி சட்டென்று முடிந்துவிட்டது. ஒரு காட்சி மனத்தில் நிற்பதற்குக் காரணம் நடிப்பா, இசையா, வசனமா?" கடைசி வரிக்கு மட்டும் விடை சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் காட்சி நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது என்று அவர் போகிற போக்கில் சொன்ன செய்திதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நடிப்பு, இசை, வசனம் மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு. மனம் கலங்கும்போது உடலில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. மூளையில் உள்ள அமிக்டலா என்னும் பகுதியின் துணையோடு, அந்த நேரத்தில் பதியும் நினைவு வலுப்பெறுகிறது. 1994ஆம் ஆண்டில் லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காக் முதலியோர் நடத்திய ஒரு சோதனையில், ஒரே படவில்லைத் தொகுப்பைக் காட்டி ஒரு சாராருக்குச் சாதாரணக் கதையையும், மற்றொரு சாராருக்குச் சிறுவன் ஒருவன் விபத்தில் படுகாயமடைந்து அறுவை சிகிச்சைக்கு உள்ளாகும் கதையையும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துக் கதையைக் கேட்டவர்களுக்கு அந்தப் பகுதி கூடுதலாக நினைவில் இருந்தது. ஆனால் அதே கதையைக் கேட்டவர்களில், அட்ரினலினின் செயலைத் தடுக்கும் ப்ரோப்ரனலால் என்ற மருந்தை முன்கூட்டியே உட்கொண்டவர்களிடம் அந்தக் கூடுதல் நினைவு காணப்படவில்லை. ஆகவே உணர்ச்சி நினைவைக் கெட்டிப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இது பாதி விடைதான். நம்மைத் திடுக்கிட வைத்த எத்தனையோ படங்களைத் திரையரங்கை விட்டு வெளியே வருவதற்குள்ளாகவே மறந்துவிடுகிறோம். விம்மி அழ வைத்த படங்கள்கூட ஒரு மாதத்தில் கலைந்துபோகின்றன. உணர்ச்சி மட்டுமே போதுமென்றால் அவை அனைத்தும் நின்றிருக்க வேண்டும். இங்கேதான், நம் உரைகளைத் தொடர்ந்து கேட்பவர்கள் பலமுறை கேட்டுவிட்ட என் கருத்தை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு காட்சி தன் வேலையில் ஒரு பங்கை நம்மிடம் ஒப்படைக்கும்போதுதான் அது நம்முடையதாகிறது. படத்தொகுப்பைப் பற்றிய உரையில் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் குலெஷோவின் சோதனையை விளக்கியிருந்தேன். நடிகர் மொஸ்ஜூகினின் சலனமற்ற ஒரே முகத்தை, சூப் கிண்ணம், சவப்பெட்டி போன்ற வெவ்வேறு படங்களுக்கு அருகில் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள். முகத்தில் இல்லாத உணர்ச்சியை அங்கே வைத்தவர்கள் பார்வையாளர்களே.

1955இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் ஒரு காட்சி வருகிறது. பிழைப்புக்காக வெளியூர் சென்றிருந்த தந்தை ஹரிஹர், தான் இல்லாத நாட்களில் மகள் துர்கா இறந்துபோனதை அறியாமல் வீடு திரும்புகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கென்று வாங்கிய சேலையை எடுத்து நீட்டியதும், அதுவரை அடக்கிக்கொண்டிருந்த தாய் வெடித்து அழுகிறாள். அந்த அழுகையின் குரல் நமக்குக் கேட்பதில்லை. குரல் இருக்க வேண்டிய இடத்தில், வில்லால் மீட்டப்படும் தார்ஷெனாய் என்ற நரம்புக் கருவியின் உச்ச நாதம் ஒலிக்கிறது. தாயாக நடித்த கருணா பானர்ஜியின் குரலையே நாம் கேட்டிருந்தால், அது ஒரு தாயின் அழுகையாக, நன்றாக நடிக்கப்பட்ட அழுகையாக நின்றிருக்கும். குரல் எடுக்கப்பட்டுவிட்டதால், ஒவ்வொருவரும் தாம் வாழ்க்கையில் கேட்ட அழுகை ஒன்றை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் அந்தக் காட்சி இருபது வயதில் பார்த்தவருக்கு ஒரு விதமாகவும், பெற்றோரை இழந்த பின் பார்ப்பவருக்கு வேறு விதமாகவும் கனக்கிறது. திரையில் ஓடுவது அதே படச்சுருள்தான். அச்சத்துக்கும் இதே விதி பொருந்தும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) வரும் குளியலறைக் கொலையில், கத்தி உடலில் இறங்குவது ஏறத்தாழக் காட்டப்படவே இல்லை. வேகமாக வெட்டி அடுக்கப்பட்ட காட்சித்துண்டுகளையும், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களையும் கொண்டு அந்தக் கொலையைப் பார்வையாளர் தம் மனத்துக்குள் நிறைவேற்றிக்கொள்கிறார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் முதலில் கருதியிருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். 1982இல் பாலு மகேந்திரா இயக்கிய 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சியைப் பற்றி முன்பும் பேசியிருக்கிறேன். இன்னும் பலமுறை பேசுவேன். விபத்தில் நினைவு பிறழ்ந்து குழந்தை மனத்தோடு இருந்த விஜி, குணமடைந்து ரயிலில் அமர்ந்திருக்கிறாள். அவளை அத்தனை காலம் பேணிய சீனு, அடிபட்டு, சேற்றில் புரண்டு, மழையில் நனைந்தபடி ரயில் நிலையத்துக்கு வந்து சேர்கிறான். அவளைச் சிரிக்க வைப்பதற்காக முன்பு செய்து காட்டிய குரங்காட்டி வித்தைகளை எல்லாம் சன்னலுக்கு வெளியே செய்து காட்டுகிறான். யாரோ பைத்தியக்காரன் என்று அவள் எண்ண, ரயில் புறப்பட்டுவிடுகிறது.

இந்தக் காட்சியைக் கமல்ஹாசனின் நடிப்புக்காகப் போற்றுகிறார்கள். அந்தப் போற்றுதல் முற்றிலும் தகும். ஆனால் நாம் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று இருக்கிறது. அந்த நடைமேடையில் விஜிக்கு எதுவும் நினைவில்லை. சீனுவுக்கு நினைவிருக்கிறது, ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவனுக்கு மொழியில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த நாட்களுக்கு அந்தக் கணத்தில் முழுச் சாட்சியாக இருப்பவர் பார்வையாளர் மட்டுமே. அவள் மறந்துவிட்டதை நாம்தான் சுமந்துகொண்டிருக்கிறோம். நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பையே படம் நம் தோளில் ஏற்றிவிட்ட பிறகு, நம்மால் எவ்வாறு மறக்க முடியும்?

அந்தப் படத்தைப் பார்த்திராத என் உறவினர் வீட்டு இளைஞர் ஒருவருக்கு, இந்த இறுதிப் பகுதியை மட்டும் ஒருமுறை கைப்பேசியில் காட்டினேன். அவர் அறிவுக்கூர்மை உள்ளவர். படங்களை ஆர்வத்துடன் பார்ப்பவர். முழுக் கவனத்துடன் பார்த்துவிட்டு, "இவர் ஏன் இவ்வாறெல்லாம் குதிக்கிறார்?" என்று கேட்டார். அவரிடம் எந்தக் குறையும் இல்லை. அவர் கண்ட நடிப்பு, இசை, மழை, ரயில் அனைத்தும் நாம் கண்டவையே. நாம் வைத்திருந்து அவர் வைத்திராதது, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். அந்தக் குரங்காட்டி வித்தையைக் கண்டு விஜி சிரித்ததை அவர் பார்த்திருக்கவில்லை. பின்னர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

ஆகவே, நடிப்பா, இசையா, வசனமா என்ற கேள்வியைவிட, மனத்தில் நிற்கும் காட்சி படத்தின் எந்த இடத்தில் உருவாக்கப்படுகிறது என்ற கேள்வியை நேயர் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் உருவாவதில்லை. நாம் பொருட்படுத்தாமல் கடந்து வந்த முற்பகுதியில் உருவாகிறது. மணிரத்னத்தின் 'தளபதி'யில் (1991), கைக்குழந்தையாகச் சரக்கு ரயிலில் விடப்பட்டவன் வளர்ந்த பின், தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் கோயிலில் நிற்கும்போது ரயிலின் ஒலி கேட்கிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை. விளக்கத் தேவையும் இல்லை. தொடக்கத்தில் அந்த ரயில் நம் மனத்தில் ஏற்றப்பட்டுவிட்டதால், இங்கே ஓர் ஒலியே போதுமானதாகிறது. அவ்விருவரும் அறியாததை நாம் அறிந்திருக்கிறோம். இறுதிக் காட்சியில் எவ்வளவு பெரிய இசையைக் கொட்டினாலும், முற்பகுதியில் இந்த உழைப்பு இல்லாத படம் பார்வையாளரிடம் எதையும் ஒப்படைப்பதில்லை. காட்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கிப் பகிரும் இந்நாளைய வழக்கத்தைப் பற்றி எனக்கு உள்ள கவலையும் இதுவே. துண்டு வந்து சேருகிறது. அதை நிரப்புவதற்கு நம்மிடம் இருக்க வேண்டிய பொருள் வந்து சேருவதில்லை.

இப்போது, காட்சி ஏன் சிறியதாகத் தோன்றியது என்பதற்கு வருகிறேன். நினைவு என்பது பதிவை எடுத்து ஓட்டிப் பார்ப்பதாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவதாக இருக்கிறது என்பதை உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்தில் உள்ளவர்களைப் படிக்கச் செய்து, பின்னர் திரும்பச் சொல்லுமாறு கேட்டபோது, அவர்கள் தமக்குப் பழக்கமில்லாத விவரங்களைப் பழகியவையாக மாற்றியும், புரியாதவற்றை விட்டுவிட்டும் சொன்னார்கள். கதையில் இருந்த சீல் என்னும் கடல்விலங்கின் வேட்டை மீன்பிடித்தலாக மாறியது. நேயரின் காட்சிக்கும் இதுவே நிகழ்ந்திருக்க வேண்டும். அவர் தம் பங்காக அதில் சேர்த்தவையெல்லாம் இத்தனை ஆண்டுகளில் காட்சியின் பகுதியாகவே ஆகிவிட்டன. மீண்டும் பார்த்தபோது படம் தன் பங்கை மட்டுமே காட்டியது. இதில் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. அந்தக் குறுகிய நேரத்துக்குள் அவ்வளவு இடம் விட்டுவைத்த இயக்குநரை எண்ணி வியக்கத்தான் வேண்டும்.

நேயர் அந்தப் படத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், அவர் நினைவில் இருந்து, மீண்டும் பார்த்தபோது திரையில் இல்லாமற்போனவை எவை என்பதையும் எழுதி அனுப்பினால், அந்தக் காட்சிக்கு முந்தைய பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டு அடுத்த உரையில் விரிவாகப் பேசுகிறேன்.