பிரஷர் குளிசை யாருக்கு? இதயத்துக்கா, மூளைக்கா?

[திரையில்: ஒரு கிளினிக் கொப்பி, பக்கத்தில் குளிசை உறை]

வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ பிரஷர் குளிசை போடுகிறார்களா? அது இதயத்துக்கான மருந்து என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதே குளிசை காக்கிற இன்னொரு உறுப்பும் இருக்கிறது: மூளை! வணக்கம், அந்தக் கதைதான் இன்றைக்கு.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஒட்சிசனில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரத்தம் முற்றாக நின்றால் 10 செக்கன் அளவில் நினைவு தப்பிவிடும்.

[வரைபடம்: இலங்கை]

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். மூளைக்குள் இருக்கிற நுண்ணிய இரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தொடுத்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் நாட்டின் நீளமே 430 சொச்சம்தான்! யாழ்ப்பாண பஸ்ஸில் இரவு ஏறி, விடிய வெள்ளவத்தையில் இறங்கும்போது இடுப்பு என்ன பாடுபடுகிறது? அதைவிட நீளமான பாதை, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான மூளைக்குள் மடங்கிக் கிடக்கிறது.

அதுவும் சும்மா கிடக்கவில்லை. நான் பேசுவதை நீங்கள் கேட்கிற இந்த நேரத்தில், கேட்கிற பகுதிக்கு ஓரிரு செக்கனில் கூடுதல் இரத்தம் போகிறது. கணக்குப் போட்டால் இன்னொரு பகுதிக்குப் போகும். ரோய், ஷெரிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1890இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். வேலை செய்கிற மூளையைப் படம்பிடிக்கிற எம்ஆர்ஐ முறை இந்த இரத்த ஓட்ட மாற்றத்தை வைத்துத்தான் நடக்கிறது. குழாய்ச் சுவர் தடித்து இறுகினால், கேட்ட இடத்துக்குக் கேட்ட நேரத்தில் இரத்தம் போகாது.

இறுகுவது ஏன்? வயது, உயர் பிரஷர், சீனி வருத்தம், கொழுப்பு, சிகரெட். இதயத்திலிருந்து புறப்படுகிற பெருநாடி இளமையில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்து அதன் வேகத்தைத் தணிக்கும். அது விறைத்துப்போனால் அந்த அடி நேரே மூளையின் சின்னக் குழாய்களில் போய் விழுகிறது. சில அடைபடும், சில கசியும். எம்ஆர்ஐ படத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும்.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்றால், எப்போதும் மறதியாகத்தான் வரும் என்றில்லை. மரக்கறிக் கடைக்காரர் கல்குலேட்டரைத் தட்டுமுன் மொத்தத்தைச் சொல்லிவிடுகிற அம்மம்மா, இப்போது கையில் தாளை வைத்துக்கொண்டு நிற்பார். பெயரின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் ஞாபகம் வந்துவிடும். ஆனால் யோசனை மெதுவாகும், நடையும் தளரும். "வயசு போனால் அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். எனக்குக் கோபம் வருகிற வசனம் இது. ஒருமுறை டொக்டரிடம் காட்டினால் என்ன?

ஏனென்றால் செய்வதற்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் பிரஷரை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட, 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் ஆரம்ப நிலை அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. முழு மறதி நோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நீங்களாகக் குளிசையைக் கூட்டாதீர்கள்! வயதானவர்களுக்குப் பிரஷர் அதிகமாக இறங்கினால் எழும்பும்போது தலைசுற்றி விழுவார்கள். "பிரஷர் நோர்மலாகிவிட்டது" என்று நிறுத்தவும் வேண்டாம். குளிசை போடுவதால்தான் அது நோர்மல். உங்கள் வீட்டில் அப்படி நிறுத்தியவர் யார்? கொமெண்டில் மாட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம்; படுத்தெழும்பினால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். மூளைக் குழாயை அடைக்கிற இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.